பனங்காட்டு நரியின் காது

பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள். மேடைப் பேச்சாளர்கள் இதை வீரத்துக்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த நரிக்கு இருப்பது வீரமே இல்லை, வெறும் பழக்கம். குட்டியாக இருந்த நாள் முதல் காய்ந்த ஓலையும் காய்ந்த ஓலையும் உரசுகிற சத்தத்தைக் கேட்டே வளர்ந்த காது அது. ஊருக்குள்ளிருந்து புதிதாக வந்த நாய் அந்தச் சத்தத்துக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். நரி திரும்பிக்கூடப் பார்க்காது.

விளாத்திகுளத்திலிருந்து வேம்பார் போகிற வழி நெடுகப் பனைக்குப் பஞ்சமில்லை. ஆகவே அந்த நரியின் காது இந்த ஊர்க்காரர்களுக்கும் கொஞ்சம் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காதைக் கொண்டுபோய், உலகத்திலேயே கேட்க முடியாத சத்தம் என்று பெயரெடுத்த சில இசைத்தட்டுகளுக்கு முன்னால் வைத்தால் என்ன நடக்கும்? அதுதான் இங்கே விஷயம். (அதையெல்லாம் இசைத்தட்டு என்று சொல்வதே தப்பு என்று சிலர் சண்டைக்கு வரலாம். வரட்டும்.)

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடலாம். ஜப்பானில் மசாமி அகிதா என்று ஒருவர், 1956-இல் டோக்கியோவில் பிறந்தவர். 1979-லிருந்து 'மெர்ஸ்பௌ' என்ற பெயரில் இரைச்சல் செய்துவருகிறார். பாட்டு செய்கிறார், மெட்டு போடுகிறார் என்பதுபோல இவர் இரைச்சல் செய்கிறார். மெர்ஸ்பௌ என்பது ஜெர்மன் ஓவியர் குர்ட் ஷ்விட்டர்ஸ், ஹானோவரில் தன் வீட்டுக்குள்ளேயே பழைய கட்டை, உடைந்த சாமான் என்று கண்டதையும் ஒட்டி ஒட்டி வளர்த்த ஒரு விநோதக் கட்டுமானத்தின் பெயர். 1943-இல் குண்டு விழுந்து அது அழிந்துபோனது. ஓவியர் குப்பையில் வீடு கட்டினார், அகிதா சத்தக் குப்பையில் கட்டுகிறார். 2000-இல் 'மெர்ஸ்பாக்ஸ்' என்று ஒரு பெட்டி வெளிவந்தது. உள்ளே 50 குறுந்தகடுகள், 50-ம் இரைச்சல். காமர்ஸ் வகுப்பில் சொல்லித்தரும் தேவை, அளிப்பு விதிகளில் இது எதற்குள் அடங்கும் என்று யாராவது பேராசிரியரைக் கேட்டுச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இன்னொன்று. இத்தனை முரட்டுச் சத்தம் போடுகிற மனிதர் மாமிசம் தொடாதவர். விலங்குகளுக்காகப் பரிந்து பேசுகிறவர். 2009-இல் ஜப்பானியப் பறவைகளின் பெயரில் ஒரு தொடரைத் தொடங்கி, மாதம் ஒரு தகடு என்று வெளியிட்டார். குயிலோசை எதிர்பார்த்து வாங்கினால் அதற்கு அவர் பொறுப்பில்லை.

இவருடைய தட்டுகளில் அதிகம் பேசப்படுவது 1996-இல் வந்த 'பல்ஸ் டெமன்'. எட்டு உருப்படிகள், ஒரு மணி நேரத்துக்கும் மேல். பொத்தானை அமுக்கிய அந்த நொடியே உச்சத்தில் தொடங்குகிறது. பாட்டென்றால் ஒரு முகப்பு இருக்கும், தம்பூரா இருக்கும், 'இதோ வரப்போகிறேன்' என்று ஒரு மரியாதை இருக்கும். இங்கே கதவைத் தட்டுகிற வழக்கமே கிடையாது. ஓட்டுக்கூரை மேல் ஒரு லாரி ஜல்லியைக் கொட்டுவதும், அதே நேரத்தில் யாரோ தகரத்தை அரத்தால் ராவுவதும், அடியில் ஒரு மோட்டார் திணறுவதும் ஒரே வாயிலிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

முதல் மூன்று நிமிடத்தில் காது ஒரே ஒரு வேலைதான் செய்கிறது, தப்பிக்க வழி தேடுவது. எங்காவது தாளம் இருக்கிறதா, எங்காவது குரல் மாதிரி ஏதாவது தென்படுகிறதா என்று துழாவுகிறது. எதுவும் இல்லை என்று தெரிந்ததும் சலித்துப்போய் உட்கார்ந்துவிடுகிறது. அங்கேதான் வேடிக்கை ஆரம்பம். பத்து நிமிடம் கழித்து அந்த ஒற்றைச் சுவர் பிரிய ஆரம்பிக்கும். அடியில் ஒன்று விட்டுவிட்டுத் துடிக்கிறது. நடுவில் ஒன்று சுரண்டுகிறது, அது இடமிருந்து வலம் நகர்கிறது. மேலே விசில் மாதிரி ஒன்று ஏறி ஏறி உடைகிறது. 'ஒர்ம்ஸ் பிளாஸ்டிக் எர்த்பவுண்ட்' என்ற உருப்படி மட்டும் 20 நிமிடத்தைத் தாண்டி ஓடுகிறது. அதைக் கேட்டு முடித்துவிட்டு வெளியே வந்தால் தெருவில் மினிபஸ் ஹாரன் ஒரு வீணை மாதிரி இருக்கும். மிகையில்லை, சோதித்துப் பார்க்கலாம். முதல் உருப்படிக்கு மரங்கொத்தி என்று பெயர். பெயரைத் தெரிந்துகொண்டு கேட்டால் உள்ளே எங்கோ கொத்துகிற மாதிரித்தான் இருக்கிறது. தெரியாமல் கேட்டால் கொத்துமா என்பது சந்தேகம்.

இப்போது கேள்வி. இந்தச் சத்தத்தை விளாத்திகுளத்துக் காது இதற்கு முன்னால் கேட்டதே இல்லையா?

கேட்டிருக்கிறது. வருஷா வருஷம், கோயில் பொங்கலுக்கு. மைக்செட்காரர் வேப்பமரத்து உச்சியில் இரண்டு குழாயைக் கட்டிவிட்டு விடியற்காலையில் எல்.ஆர். ஈஸ்வரியை அவிழ்த்துவிடுவார். (இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அந்த அரசிதழ் வேப்பமரம் வரைக்கும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.) அந்தக் குழாயிலிருந்து வருவது எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் மட்டும்தானா? இல்லை. ஒலிப்பெருக்கிப் பெட்டிக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு மேல் திருகினால் அலையின் உச்சியை அதனால் எட்டிக் கொடுக்க முடியாது. மொட்டையாக வெட்டிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலையில், மூலப் பாட்டில் இல்லவே இல்லாத புதுப்புது மேல்சுரங்கள் முளைத்துவிடும். கரகரப்பு என்று சொல்கிறோமே, அது இந்த முளைப்புதான். போதாததற்குக் குழாய் தன் பங்குக்குத் தாழ்ந்த ஒலிகளை எல்லாம் விழுங்கிவிடும். மிஞ்சுவது நடுப்பகுதியும் மேல்பகுதியும். மனிதக் காது எதற்கு அதிகம் கூச்சப்படுமோ, ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை, சரியாக அந்த இடம்.

மெர்ஸ்பௌ செய்கிற வேலையில் பெரும்பகுதி இதேதான். மைக்செட்காரருக்குப் பாட்டு வேண்டும், கரகரப்பு அழையாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டோக்கியோக்காரர் பாட்டை வெளியே அனுப்பிவிட்டுக் கரகரப்பை உட்காரவைத்துச் சோறு போடுகிறார்.

அதிலும் பொங்கல் பக்கத்து ஊரிலே என்றால் இன்னும் விசேஷம். மரம் மட்டை இல்லாத கரிசல்காட்டைத் தாண்டி, இரண்டு மைல் தூரத்திலிருந்து காற்றில் பாட்டு வரும். வார்த்தை வராது. மெட்டும் முழுசாக வராது. காற்று ஒரு வாய் கொண்டுவந்து போடும், அடுத்த வாயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடும். பருத்திக்காட்டில் நிற்கிறவர் அதை வைத்தே என்ன பாட்டு என்று சொல்லிவிடுவார். பாதிக்கு மேல் இரைச்சலாக இருக்கிற ஒன்றுக்குள்ளிருந்து பாட்டைப் பிடுங்கி எடுக்கிற பயிற்சி இது. எந்தச் சங்கீத வித்வானும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ரேடியோ கதையும் இதே கதைதான். 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி ஒரு பக்கம், மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இலங்கை வானொலி இன்னொரு பக்கம். தாத்தா தலைமுறைக்காரர்கள் சினிமாப் பாட்டைக் கேட்டது பாதிக்குப் பாதி 'உஸ்ஸ்ஸ்' என்கிற சத்தத்தோடுதான். சாயங்காலம் ஆனால் அலை மேலேறும், இரண்டு ஸ்டேஷன்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், டி.எம்.எஸ். நடுவில் யாரோ சிங்களத்தில் செய்தி வாசிப்பார். ஊசியை மயிரிழை நகர்த்தி நகர்த்திப் பாட்டைத் தேடுவது ஒரு கலை. அமெரிக்காவில் ஜான் கேஜ் 1951-இல் இதையே மேடையில் செய்தார். 12 ரேடியோக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், ஒருவர் ஸ்டேஷனைத் திருப்ப, இன்னொருவர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. என்ன வரும் என்று எழுதியவருக்கே தெரியாது. இலங்கை வானொலி கேட்ட வீடுகளில் இதைச் சொன்னால் 'இதுக்குப் போயி டிக்கெட்டா?' என்றுதான் கேட்பார்கள்.

டிக்கெட் என்றதும் லூ ரீட் ஞாபகம் வருகிறது. அமெரிக்க ராக் பாடகர், நல்ல விற்பனை உள்ளவர். 1975-இல் 'மெட்டல் மெஷின் மியூசிக்' என்று இரட்டை இசைத்தட்டு கொண்டுவந்தார். நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கமும் சுமார் 16 நிமிடம். அவர் பாடவே இல்லை. கிதாரை ஒலிப்பெருக்கிக்கு எதிரே சாய்த்துவைத்து, அது தன் சத்தத்தைத் தானே கேட்டு ஊளையிடுவதைப் பதிவு செய்து அடுக்கியிருந்தார். மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கூய்ங்ங்' என்று கத்துமே, பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் பேச எழுந்ததும் தவறாமல் வருமே, அதே சங்கதிதான், ஒரு மணி நேரம். கடைசிப் பக்கத்தின் முடிவில் ஊசி மாட்டிக்கொள்ளும்படி பள்ளம் வெட்டியிருந்தார்கள். கையால் தூக்காவிட்டால் விடிய விடிய ஓடும். கடையிலிருந்து ஏராளமான தட்டுகள் திரும்பி வந்தன. கம்பெனியே சில வாரங்களில் விலக்கிக்கொண்டது. ஒப்பந்தத்தைக் கழிப்பதற்காகச் செய்த கேலி என்று ஒரு கட்சி, இல்லை உண்மையான படைப்பு என்று இன்னொரு கட்சி.

அந்த வழக்குக்கு ஒரு விநோதமான சாட்சி 2002-இல் வந்தது. பெர்லினில் 'ஸைட்கிராட்ஸர்' என்ற குழு அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்து, வயலின், செல்லோ, ஊதுகருவிகள் என்று சாதாரண வாத்தியங்களில் மேடையில் வாசித்துக்காட்டியது. லூ ரீடும் கலந்துகொண்டார். இரைச்சலை எழுத்தில் எழுத முடிந்தது, எழுதியதைத் திரும்ப வாசிக்க முடிந்தது என்றால் அதற்குள் ஏதோ ஒரு ஒழுங்கு இருந்திருக்கத்தானே வேண்டும்? மூலத்தட்டு கேட்பதற்கு மெர்ஸ்பௌ அளவுக்குக் கொடூரம் இல்லை. ஆயிரம் சில்வண்டுகள் ஒரே புளியமரத்தில் உட்கார்ந்த மாதிரி மினுமினுவென்று இருக்கும். கொஞ்சம் நேரத்தில் அந்த மினுமினுப்புக்குள் யாரோ மெட்டுக்கட்டுவது போலத் தோன்றும். அதைத் தட்டு செய்கிறதா காது செய்கிறதா என்று கேட்கக்கூடாது.

இது எல்லாவற்றையும்விடக் கரிசல் காதுக்கு நெருக்கமான பதிவு ஒன்று உண்டு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் செய்கிற ஒரு விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். தந்திக் கம்பத்தில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பது. உள்ளே 'ம்ம்ம்ம்' என்று ஏதோ ஓடும். தந்தி போகிற சத்தம் என்று ஒருவன் சொல்வான், கரண்ட் என்று இன்னொருவன் பயமுறுத்துவான். இரண்டும் இல்லை. இழுத்துக் கட்டின கம்பியைக் காற்று கடக்கும்போது, கம்பிக்குப் பின்னால் காற்று இந்தப் பக்கம் ஒரு சுழி, அந்தப் பக்கம் ஒரு சுழி என்று மாற்றி மாற்றி உதிர்க்கும். அந்த உதறலில் கம்பி அதிர்கிறது, கம்பம் அதை வாங்கிக் காதுக்குக் கொடுக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆலன் லாம்ப் என்பவர் இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். கைவிடப்பட்ட தொலைபேசிக் கம்பிகளில் நுண்மைக்கை ஒட்டவைத்து, வெட்டவெளியில் காற்று வாசிப்பதைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் 1995-இல் 'பிரைமல் இமேஜ்' என்று வெளிவந்தன. அதில் எந்த மனிதரும் எதையும் வாசிக்கவில்லை. நாகசுரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி ஒரு நீண்ட ஆதார ஒலி. அதன் மேல் கம்பி விறைக்கும்போதும் தளரும்போதும் 'டுயூங்' என்று ஒரு சொடுக்கு, கம்பி நெடுக ஓடிப் போய்த் திரும்பி வரும். ஆடிக் காற்றில் கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுற்றுகிற பொட்டலில் நின்றவருக்கு இது அந்நிய இசையாகத் தோன்ற வழியே இல்லை.

இங்கிலாந்தின் கிறிஸ் வாட்சன் 2003-இல் வெளியிட்ட 'வெதர் ரிப்போர்ட்' இன்னொரு விதம். மூன்று உருப்படிகள், ஒவ்வொன்றும் 18 நிமிடம். முதலாவது கென்யாவின் மசாய் மாரா காட்டில் விடிகாலை முதல் அந்தி வரைக்குமான 14 மணி நேரத்தை 18 நிமிடத்தில் சுருக்கியது. அடைமழை வருகிற இடத்தில் சாரல் கொஞ்சங்கொஞ்சமாக வலுத்து முழு இரைச்சலாகிவிடுகிறது. மழையிரைச்சலுக்கும் ரேடியோவின் 'உஸ்'ஸுக்கும் இலக்கணம் ஏறக்குறைய ஒன்று. எல்லா அலைவரிசையும் ஒரே நேரத்தில் ஒலிப்பது. ஆனால் வானம் பார்த்த பூமியில் ஒருவன் மழையிரைச்சலைக் கேட்டு 'என்ன கொடூரம்' என்று காதைப் பொத்துவானா? ஐப்பசியில் ஓட்டின் மேல் முதல் மழை இரைகிறபோது வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மல்லி, மிளகாய், கம்பு, கடன் எல்லாம் அந்த இரைச்சலில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு அந்த மாதத்தில் அதைவிட இனிய சங்கீதம் வேறில்லை.

சங்கீதம் என்று வந்துவிட்டபிறகு விளாத்திகுளம் சாமிகளைச் சொல்லாமல் போகமுடியாது. நல்லப்ப சாமிகள். கீர்த்தனைகளைவிட ராக ஆலாபனைக்கே பெயர்பெற்றவர். கி. ராஜநாராயணன் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆலாபனை என்றால் என்ன? சொல் இல்லை, தாளம் இல்லை, கதை இல்லை. ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு நேரம் நேரமாக உட்கார்ந்திருப்பது. இதை மெர்ஸ்பௌவோடு ஒப்பிட்டால் இரண்டு பக்கத்து ரசிகர்களும் அடிக்க வருவார்கள். ஒப்பிடவில்லை. ராகத்துக்குள் இருக்கிற வரம்பும் வழியும் அங்கே கிடையாது. ஆனால் சொல்லையும் தாளத்தையும் எடுத்துவிட்டால் கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று சொல்கிறவர்களுக்கு, போகவில்லை, இதே ஊரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்று பதில் சொல்லலாம். இன்றைக்கு அவரை அறிந்தவர்கள் பெரும்பாலும் எழுத்தின் வழியாகத்தான் அறிகிறார்கள், காதின் வழியாக இல்லை. ஒருவருக்கு 50 தகட்டுப் பெட்டி, இன்னொருவருக்கு நினைவுகள்.

எது பதிவாகிறது, எது ஆகாமல் போகிறது என்பதில் நியாயம் ஒன்றும் இல்லை. பதிவானாலும் போதாது என்பதற்கு அகமதாபாத் ஒரு உதாரணம். 1946-இல் கீதா சாராபாய் என்ற இந்தியப் பெண் மேற்கத்திய இசை படிக்க நியூயார்க் போய், பதிலுக்கு ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். மனதை அமைதிப்படுத்துவதே இசையின் வேலை என்று அவர் சொன்னது கேஜின் போக்கையே மாற்றியது. இந்தியாவிலிருந்து போன ஒரு சொல், பின்னாளில் மேல்நாட்டுப் பரிசோதனை இசையின் அடித்தளத்தில் ஒரு கல். கேஜின் கூட்டாளி டேவிட் டியூடர் 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரைக்கும் அதில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பிறகு எல்லாம் அலமாரிக்குள் போய்விட்டது. பால் பர்காஸ் என்கிற லண்டன் கலைஞர் அந்த நாடாக்களைத் தேடி எடுத்து, 2023-இல்தான் தட்டாக வந்தது. அரை நூற்றாண்டு! மாத்தூருடைய உருப்படி ஒன்றுக்கு 'ஒரு காலத்தில் தம்பூரா வாசித்தேன்' என்ற பொருளில் பெயர். அந்தப் பெயருக்காகவே கேட்கலாம். புதுப் பொம்மை கிடைத்த சந்தோஷமும், 'இதை வைத்து என்ன செய்வது' என்ற திகைப்பும் அந்தத் தட்டு முழுக்கச் சேர்ந்தே ஒலிக்கின்றன. முரட்டு இரைச்சலைத் தாங்கமுடியாதவர்கள் இங்கே தாராளமாக வரலாம்.

இனி, இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கசப்பான இடம்.

1913-இல் இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 'இரைச்சல்களின் கலை' என்று ஓர் அறிக்கை எழுதினார். ஆலைகளும் மோட்டார்களும் வந்துவிட்ட உலகத்தில் வயலினும் பியானோவும் போதாது, இரைச்சலே இனி இசை என்றார். சொன்னதோடு நிற்காமல் இரைச்சல் பெட்டிகளும் செய்தார். வெளியே கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு சக்கரம் தந்தியைத் தேய்க்கும், தந்தி ஒரு தோல்வட்டத்தை அதிரவைக்கும், முன்னாலிருக்கிற புனல் வழியே உறுமல் வெளிவரும். ஐரோப்பா அதிர்ந்தது. வரலாற்றுப் புத்தகங்களில் இரைச்சல் இசையின் முதல் வாத்தியம் என்று இதைத்தான் போடுகிறார்கள்.

தோலைத் தேய்த்து உறுமலை வரவழைக்கிற வாத்தியம்! கரிசல்காட்டில் அதற்குப் பெயரே உறுமிதான். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள், இன்னொரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். குச்சி தோலைப் பற்றிக்கொண்டு இழுக்கும், வழுக்கும், திரும்பப் பற்றும். வயலின் வில் தந்தியில் செய்வதும் இதே பற்றலும் வழுக்கலும்தான். வயலினில் வந்தால் அதற்கு நாதம் என்று பெயர். உறுமியில் வந்தால்?

இந்தப் பக்கத்து ராஜகம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்துக்குப் பாட்டே கிடையாது. தேவதுந்துபி என்கிற, உறுமியின் உறவுக்கார வாத்தியம் ஒன்றுதான். அது ஒலிக்க ஒலிக்க, அடவு மாற மாற, வரிசையில் ஆடுவார்கள். கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த உறுமல் காதில் விழுவதற்கு முன்னால் வயிற்றில் விழும். ஆனால் பறைக்கும் உறுமிக்கும் நகரத்துச் சபாக்களில் நெடுங்காலம் கிடைத்த பெயர் சத்தம் என்பதுதான். பறையோ அதைவிட மோசமாக, இன்ன சாதிக்காரர்கள் சாவுக்கு அடித்தாகவேண்டிய வேலையாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. டோக்கியோக்காரர் 'நான் செய்வது இரைச்சல்' என்று தானே பெயர்வைத்துக்கொண்டார், அவருக்கு அது கிரீடம். இங்கே தாளக்கணக்கு துல்லியமாகத் தெரிந்து வாசித்த மனிதரைப் பார்த்து இன்னொருவர் 'இரைச்சல்' என்று பெயர்வைத்தார். அது தெருவைப் பிரிக்கிற கோடு. இந்த இரண்டு இரைச்சலும் ஒரே சொல் என்பது தமிழின் குற்றமில்லை, காதுகளின் குற்றம். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் பறையைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தது. 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம். ஆனாலும் ஒரு நல்ல உறுமிக்காரரின் வாசிப்பை மட்டும் தனியாக, ஒரு மணி நேரம், யாரும் நடுவில் பேசாமல் ஒழுங்காகப் பதிவு செய்து பெட்டியில் போட்டு விற்றால், மெர்ஸ்பாக்ஸ் வாங்குகிற ஆட்களே வரிசையில் நின்று வாங்குவார்கள் என்று தோன்றுகிறது. முதலீட்டுக்கு ஆள் தேடுகிற காமர்ஸ் மாணவர்கள் கவனிக்கவும்.

(சத்தம் என்கிற சொல்லுக்கே இந்தப் பக்கம் இன்னொரு கணக்கு உண்டு. வண்டிச் சத்தம் என்றால் வண்டி வாடகை. 'சத்தம் எவ்வளவு?' என்று கேட்டால் டெசிபலில் பதில் சொல்லக்கூடாது.)

டெசிபல் என்றதால் ஒரு எச்சரிக்கை. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்வரை தாங்கலாம் என்பது உடல்நல வல்லுநர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு மணி. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ஹெட்போனை முழுக்கத் திருகிவைத்து 'பல்ஸ் டெமன்' கேட்கிறவர் முதல் இரண்டு மூன்று உருப்படிகளோடு அன்றைய கணக்கை முடித்துக்கொள்ளவேண்டியதுதான். அடங்கின சத்தத்தில் கேட்டாலும் அதன் உள்ளடுக்குகள் தெரியும். சொல்லப்போனால் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

கோவில்பட்டி நூற்பாலையில் மூன்று ஷிப்ட் வேலைபார்த்தவர்களுக்கு இந்தத் திருகு கிடையாது. ஸ்பிண்டில் ஓடுகிற கூடத்துக்குள் பேசினால் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். வீட்டுக்கு வந்தும் உரத்தே பேசுவார்கள், டிவியை உச்சத்தில் வைப்பார்கள். ருஸ்ஸோலோ கொண்டாடிய ஆலை இரைச்சல் இதுதான், சம்பளத்தோடு சேர்த்து வருவது. அப்படி ஒருவரிடம் போய் மெர்ஸ்பௌவைப் போட்டுக்காட்டி அபிப்பிராயம் கேட்பது அழகில்லை. இந்த இசையை ரசிக்க முதல் தகுதி, நிறுத்தும் பொத்தான் கேட்கிறவர் கையில் இருப்பது.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. எம்பி3 கோப்பு சின்னதாக இருப்பதற்குக் காரணம், காதுக்குத் தெரியாது என்று அது நினைக்கிற ஒலிகளைத் தூக்கி எறிந்துவிடுவதுதான். அதைச் செம்மைப்படுத்தியவர்கள் சோதனைக்கு வைத்துக்கொண்டவற்றில் ஒன்று சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்', துணை வாத்தியமே இல்லாத ஒற்றைப் பெண்குரல். இரைச்சல் அதற்கு நேர் எதிர். எல்லா ஒலியும் எல்லா நேரமும் இருக்கிறது, எதைத் தூக்கி எறிவது? கணக்குக் குழம்பிப்போய், குறைந்த அளவுக் கோப்பில் கரகரப்பெல்லாம் தண்ணீருக்குள் கொப்பளிக்கிற மாதிரி ஆகிவிடும். போனின் குட்டி ஸ்பீக்கரில் அடித்தளமே காணாமல் போகும். அப்படிக் கேட்டுவிட்டு 'சகிக்கலை' என்று சொன்னால் அது மெர்ஸ்பௌவைச் சொன்னதாகாது.

ஆகவே பெரிய கோப்பாக இருக்கட்டும், ஹெட்போன் சுமாரானதாக இருந்தாலும் பரவாயில்லை, சத்தம் பாதிக்குக் கீழேயே இருக்கட்டும். எடுத்த எடுப்பில் 'பல்ஸ் டெமன்' வேண்டாம், ஆலன் லாம்பின் கம்பியில் தொடங்கலாம். ஆடி மாதம் மத்தியானம், ஜன்னலைச் சாத்தாமல் கேட்டால், வெளியே பனையோலை அடிக்கிற சத்தம் எது, ஆஸ்திரேலியக் காற்று எது என்று பிரிக்க முடியாத ஒரு நேரம் வரும். பிரிக்க வேண்டாம். அடுத்த வாரம் டோக்கியோவுக்குப் போகலாம்.